அழற்சி என்று நான் எழுதிய ஸ்லைடு

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு இப்போது ஸ்லைடுகள் அதிகம் வருவதில்லை. சுகாதார நிலையத்தில் பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதை இயந்திரம் சொல்லிவிடுகிறது. இருக்கிறது என்று வரும் சிலருடைய செல்களை மட்டும்தான் யாராவது உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தேன். எட்டு நுண்ணோக்கிகளில் ஐந்துக்கு உறை போட்டிருந்தார்கள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் கண்ணைவிட அந்த இயந்திரம் குறைவாகத்தான் தவறவிடும். நான் யாரைத் தவறவிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது என் நாற்காலியில் இருக்கும் கவிதா அன்றைக்குக் கேட்டாள்: "அக்கா, இத்தன வருசம் ஸ்லைடு பாத்தீங்க. மறக்கவே முடியாத ஸ்லைடு எது?" நான் ஏதோ அபூர்வமான ஒட்டுண்ணி முட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். காரை ஓட்டிக்கொண்டு சிரம்பானுக்குத் திரும்பும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கெழுதும் வேலைக்கு வந்த குடும்பம். கிராணி வீடு மேட்டில் இருக்கும்; லயங்கள் எனப்படும் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் பள்ளத்தில் இருக்கும். ஒரே தோட்டத்துப் பள்ளியில் படித்தாலும், லயத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசல் வரைதான் வருவார்கள். அதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. யாரும் மீறியதும் இல்லை.

பள்ளி முடித்து, கோலாலம்பூரில் செல் பரிசோதனைப் பயிற்சி பெற்றேன். அந்த ஆண்டுகளில் நினைவில் நிற்பது கழுத்துவலியும் சாராய நெடியும்தான். செல்கள் காய்ந்து சுருங்காமல் இருக்க ஸ்லைடை உடனே ஆல்கஹாலில் முக்குவோம். அந்த நெடி சாப்பாட்டுப் பாத்திரம் வரைக்கும் கூடவே வரும். பயிற்சி முடிந்ததும் நெகிரி செம்பிலானிலேயே வேலை கிடைத்தது.

எங்கள் தலைமை நோயியல் மருத்துவர் டாக்டர் லியோங். லுக்குட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்து ஆட்கள் கடைக்கு வரும்போது பேசிப் பேசி, என்னைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். முதல் நாள் நான் யாழ்ப்பாணத்து வழக்கில் ஏதோ கேட்டதற்கு, "என்னாம்மா நீ, ரேடியோவுல செய்தி படிக்கிற மாதிரி பேசுற?" என்றார். அவருக்குக் குரல் உயராது. கோபம் வந்தால் மெல்லிய துடைதாளை எடுத்து நுண்ணோக்கியின் வில்லைகளைத் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு மெதுவாகத் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம்.

எங்கள் வேலை பார்ப்பதற்குச் சலிப்பானது. சாயமேற்றிய ஸ்லைடை மேடையில் வைத்து, இடது மேல் மூலையில் தொடங்கி, கீழே இறங்கி, ஒரு பார்வையளவு நகர்ந்து, மறுபடி மேலே ஏற வேண்டும். பார்த்த இடமும் பார்க்கப்போகும் இடமும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். ஆரோக்கியமான செல்கள் இளம் பச்சையிலும் ஆரஞ்சிலும் அகலமாக விரிந்திருக்கும்; நடுவில் நீலப் பொட்டாக உட்கரு. கெட்டுப்போகிற செல்லில் அந்தப் பொட்டு பெரிதாகி, கறுத்து, ஓரம் கோணும். சந்தேகம் வந்தால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியின்மேல் மைப்புள்ளி வைத்து, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு நிற மை. என்னுடையது பச்சை.

எல்லா ஸ்லைடிலும் எங்களுக்கு மிகவும் தொல்லை தருவது அழற்சி. புண்ணோ தொற்றோ இருந்தால் வெள்ளணுக்கள் எள்ளை வாரி இறைத்தது போல் பரவி, அடியில் இருக்கும் செல்களை மூடிவிடும். முக்கால் பங்குக்கு மேல் மூடியிருந்தால் 'பார்க்க இயலவில்லை, மீண்டும் எடுக்கவும்' என்று எழுதலாம். அதற்குக் குறைவு என்றால் நாமே பார்த்து முடிவு சொல்ல வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து வரும் ஸ்லைடுகளில் அழற்சி அதிகம். 'அழற்சி' என்று எழுதி எழுதி எனக்கு அந்தச் சொல் ஒரு ரப்பர் முத்திரை போல ஆகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலைகளில் டாக்டர் எங்களை ஒவ்வொருவராக, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கிக்குக் கூப்பிடுவார். ஸ்லைடை அவரே வைத்திருப்பார். நாங்கள் கண்ணை வில்லையில் வைக்க வேண்டியதுதான்.

"நோய் பேரச் சொல்லாத. கண்ணுல படுறத மட்டும் சொல்லு." இது அவருடைய சட்டம்.

நான் பதினைந்தாண்டு அனுபவம் சேர்த்திருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்தேன்.

"வெள்ளணு நெறைய இருக்கு, டாக்டர்."

"ம்."

"சளி இழுத்த மாதிரி ஒரு கோடு. அதுக்குள்ள சின்னச் சின்ன செல்லு. வரிசையா இருக்கு. உட்கரு பெருசு. ஓரம் சரியில்ல. ரொம்பக் கறுப்பு."

"எத்தன?"

"பதினொண்ணு. பன்னெண்டு."

"இப்ப பேரு சொல்லலாம்."

"கடுமையான மாற்றம், டாக்டர். புத்துநோய்க்கு முந்தின நெல. உடனே ஆளக் கூப்பிடணும்."

அவர் ஸ்லைடை மேடையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, துடைதாளை எடுத்து வில்லையைத் துடைக்கத் தொடங்கினார். அந்தச் சளிக் கோட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடியின்மேல், பச்சை மைப்புள்ளி இருந்தது.

நான் அந்தச் செல்களைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்திருக்கிறேன். புள்ளியும் வைத்திருக்கிறேன். பிறகு, அழற்சியால் செல்கள் இப்படிக் கறுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டாக்டரிடம் அனுப்பாமல், 'அழற்சி. மூன்று ஆண்டில் வழக்கமான மறுபரிசோதனை' என்று எழுதி அடுத்த ஸ்லைடை எடுத்திருக்கிறேன். அது மூன்று ஆண்டுக்கு முந்தைய ஸ்லைடு. அந்தப் பெண்ணின் சதைத் துணுக்கு அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. அதில் புற்றுநோய் பரவத் தொடங்கியிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அந்த ஸ்லைடைப் பார்த்த ஆண்டில் நான் 'அழற்சி' என்று எழுதிய எல்லா ஸ்லைடுகளையும் இழுப்பறைகளிலிருந்து எடுக்கச் சொன்னார். நானும் இன்னொரு ஊழியரும் அவற்றை மறுபடி பார்த்து முடிக்க ஏழு வாரம் ஆனது. இன்னும் ஒரு பெண் அகப்பட்டார். நல்லவேளையாக அவருக்கு நோய் முற்றியிருக்கவில்லை. என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. அது நியாயம்.

அந்த ஏழு வாரம் தொடங்குவதற்கு முன்பே டாக்டர் இன்னொன்றும் சொன்னார்.

"தேவமணி, அந்த அம்மாகிட்ட நடந்தத சொல்லணும். நான் சொல்லலாம். நீ வர்றியா?"

"நான் வந்தா கோவப்படுவாங்க, டாக்டர்."

"படட்டுமே. அவங்களுக்குத்தான வியாதி."

அவர் பெயர் ராமாயி. நாற்பத்து மூன்று வயது. லிங்கி பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கிற வேலை. முதுகில் தோம்பு என்கிற மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு, மரங்களின் அடியில் இருக்கும் புல்லுக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். நாங்கள் போனபோது கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தேதியை எதிர்பார்த்து வார்டில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

"நீங்க லாபு பெரிய கிராணி மகதானே?"

 அவரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரே பள்ளியில் படித்திருந்தும், லயத்துப் பக்கம் போகாத எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

நின்றுகொண்டேதான் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்பு சுகாதார நிலையத்து நர்ஸ் எடுத்த பரிசோதனை. அதைப் பார்த்தவள் நான். அதில் இருந்ததைக் கண்டும், சாதாரணம் என்று எழுதிவிட்டேன். அன்றே சொல்லியிருந்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்திருக்கும். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

 ராமாயி என்னைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்டார்.

"அப்ப மூணு வருசத்துக்கு முன்னாடியே இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"எங்கூட்டுல பேசிக்கிறாங்க டாக்டர். கண்டவன்கூட போனாத்தான் இந்த வியாதி வரும்னு. என் நாத்தனா பவுனு தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்கா. என் வீட்டுக்காரரு என் தட்டுல சாப்பிட மாட்றாரு. நான் எந்தத் தப்பும் பண்ணல டாக்டர்."

டாக்டர் லியோங் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் பேசியதை நான் எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

"இது ஒரு வைரசுனால வருது. கல்யாணம் பண்ணுன முக்காவாசிப் பேருக்கு அது ஒரு தடவயாச்சும் வந்துட்டுப் போகும். ஒரே ஒரு புருசனோட வாழ்ந்தாலும் வரும். நெறைய பேருக்கு உடம்பே அதத் தொரத்திடும். சில பேருக்குப் போகாம தங்கிடும். அப்படித் தங்குனாத்தான் சூசா, தொல்ல."

"எனக்கு ஏன் தங்கணும்?"

"அதத்தான் ஒலகம் பூரா தேடிக்கிட்டிருக்காங்க. ஒண்ணு சொல்றேன் கேளு. நம்ம ஒடம்புல புண்ணு ஆச்சுன்னா வெள்ளணு ஓடி வரும். துணி வெளுக்குற மருந்து இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ணத் தானே செஞ்சு கிருமி மேல வீசும். கிருமி சாவும். ஆனா பக்கத்துல இருக்குற நம்ம செல்லு மேலயும் கொஞ்சம் தெறிக்கும். ஒரு நாளு ரெண்டு நாளுன்னா செல்லு அத ரிப்பேர் பண்ணிக்கும். வருசக்கணக்கா புண்ணு ஆறாம இருந்தா, தெனமும் தெறிச்சுக்கிட்டே இருக்கும். செல்லுக்குள்ள, அது எப்படி வளரணும்னு இருக்குற எழுத்து அழியும், மாறும். இந்த வைரசு என்னா பண்ணுது தெரியுமா? ரிப்பேர் பண்ற ஆள மொதல்ல வெரட்டிடுது."

பயிற்சியில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று மனப்பாடம் செய்திருந்தேன். உடலில் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் முரட்டு மூலக்கூறுகள், அவற்றை அடக்கும் திறனைவிட மிஞ்சிப்போகும் நிலை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். நான் தினமும் எரிச்சலோடு தள்ளிவிட்ட அந்த வெள்ளணுக் கூட்டம்தான் அது என்பது அந்த வார்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பார்வையை மறைக்கும் குப்பை என்று நான் நினைத்தது, நோய்க்கு உதவி செய்துகொண்டிருந்த ஒன்று.

"நீ பொகையில போடுவியா?" என்று கேட்டார் டாக்டர்.

"வெத்தலையோட. அவரு சிகரெட்டு. வீட்டுக்குள்ளதான் ஊதுவாரு."

"சிகரெட்டுல இருக்குற வெசம் கர்ப்பப்பை வாய் வரைக்கும் போய்ச் சேருது. அதுவும் இதே வேலையத்தான் பண்ணும். பொகையில நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே வேணாம்."

ராமாயி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகங்கள் மஞ்சளாகி, ஓரம் உடைந்திருந்தன.

"நான் அடிக்கிற மருந்து? இருபது வருசமா முதுகுல தோம்பு ஒழுகும். வெயில் ஏற ஏற புல்லு கருகும் பாருங்க, அப்படியே வெந்த மாதிரி."

"அந்த மருந்து புல்லக் கருக்குறது இதே வழியிலதான். குடிச்சா மனுசன் நொரையீரலயும் அப்படித்தான் கருக்கும்."

"அப்ப அதுனாலதானா?"

டாக்டர் யோசித்தார். அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் ராமாயிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இல்லை என்று சொல்லியிருந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியலம்மா. அதுனால இந்த எடத்துல புத்து வரும்னு யாரும் நிரூபிக்கல. வராதுன்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னா, நீயும் அத நம்பி அலைவ."

ராமாயி தலையாட்டினார். அப்போதுதான் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்.

"மூணு வருசம்," என்றார்.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"இப்ப என்னால மன்னிக்க முடியல. போ."

நீங்க என்றவர் நீ என்று மாறியிருந்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். டாக்டர் பக்கத்தில் நின்றார்.  "வா, ஸ்லைடு காத்திருக்கு" என்றார்.

ராமாயியின் கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஆய்வகத்துத் தொலைபேசியில் என்னைக் கேட்டார்கள். ராமாயி.

"ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு வா. கோயில் கூடத்துல பொம்பளைங்களக் கூட்டி வச்சிருக்கேன். அந்தச் சீன டாக்டர் சொன்னத அப்படியே சொல்லு. நீ தப்பாப் பாத்ததையும் சொல்லு."

"அதையுமா அக்கா?"

"அதச் சொல்லாட்டி, 'நான்தான் செக் பண்ணிட்டேனே, ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கே'ன்னு ஒக்காந்திருப்பாளுங்க. நானும் அப்படித்தான் ஒக்காந்திருந்தேன். அப்பறம் ரத்தம் பட்டப்பவும், அதான் பேப்பர் இருக்கேன்னு ஆறு மாசம் போகல."

போனேன். முப்பது பெண்கள் இருப்பார்கள். கிராணி வீட்டில் பிறந்த எனக்கு லயத்துப் பெண்கள் முன்னால் நின்று என் தவறைச் சொல்வது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னேன். பின்வரிசையில் தூணில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண், நான் பேசி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். ராமாயி என் காதருகே சொன்னார்: "அதான் பவுனு."

அடுத்த மாதம் தோட்டத்து லாரியில் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய ஸ்லைடுகள் ஆய்வகத்துக்கு வந்தபோது, அவற்றை வேறு யாருக்காவது கொடுக்கும்படி டாக்டரைக் கேட்டேன்.

"ஏன், கண்ணு சரியில்லையா?"

"பயமா இருக்கு டாக்டர்."

"நல்லது. அதோட பாரு. நீ பாத்தப்பறம் நானும் பாக்குறேன்."

அவற்றில் ஒன்றில் வெள்ளணுக்கள் குவிந்து கிடந்தன. அன்று காலை முழுவதும் அந்த ஒரே ஸ்லைடோடு இருந்தேன். ஓரத்தில், மூன்று இடங்களில், கறுத்த உட்கருக்கள். மூன்று பச்சைப் புள்ளி வைத்து டாக்டரிடம் எடுத்துப் போனேன். பெயரைப் பிறகுதான் பார்த்தேன். பவுனு.

நோயாளியின் செய்தியை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது, சொல்லவில்லை. பவுனு தானாகவே ராமாயியிடம் போயிருக்கிறாள். இதை ராமாயிதான் பிறகு எனக்குச் சொன்னார். அடுப்படி வாசலில் வந்து நின்று, "அண்ணி, எனக்கும் வரச் சொல்லி கடுதாசி வந்திருக்கு" என்று அழுதாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்றதுக்கு நெறைய இருந்திச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சு. அப்பறம், சாப்டியாடின்னு கேட்டேன்."

பவுனுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போனது ராமாயி. தன் வலியோடு பேருந்து ஏறி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலை. அன்று மாலையே இருவரும் வீடு திரும்பினார்கள்.

என்னிடம் ராமாயி மன்னித்துவிட்டேன் என்று எப்போதும் சொல்லவில்லை. ஆனால் லிங்கிக்குப் போனால் அவர் வீட்டில் காப்பி குடிக்காமல் வர விடமாட்டார். ஒரு தடவை லாபு தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஒங்க வீட்டுல ஊதா கலருல ஒரு சைக்கிள் இருந்திச்சே, அத ஒரு தடவையாச்சும் ஓட்டணும்னு எனக்கு அப்ப ஆச" என்றார். 

ராமாயியின் சிகிச்சை முடிந்த நான்காம் ஆண்டு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை இடுப்பு எலும்பில். கடைசி இரண்டு மாதம் அவரைப் பார்த்துக்கொண்டவள் பவுனு.

ஈமச் சடங்கு நாளில் நானும் டாக்டர் லியோங்கும் போயிருந்தோம். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். உடலுக்கு அருகில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம் தணிந்த குரலில் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"அந்த எடத்துலயாமே புத்து? நல்லவளுக்கு வருமா அதெல்லாம்?"

பவுனு ராமாயியின் காலடியில் உட்கார்ந்து பூவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கும் அதே எடத்துலதான் வந்திச்சு," என்றாள். பந்தலில் இருந்த ஆண்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். "எங்கண்ணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களப் பத்தி இந்தப் பேச்ச மொதல்ல ஆரம்பிச்சு வச்சவ நானு. இனிமே யாராச்சும் பேசணும்னா எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

 பவுனுவின் அண்ணனான ராமாயியின் கணவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பவுனு மறுபடி உட்கார்ந்து, ராமாயியின் கால்களுக்கு அருகில் சரிந்திருந்த மாலையை எடுத்துச் சரியாக வைத்தாள்.